இரைச்சலின் சுருதி: வீட்டில் கட்டிய யூஎஸ்பி ஒலி இடைமுகத்தில் அறிகுறி வழியாகப் பழுது தேடுதல்

முள்ளியவளையிலும் வற்றாப்பளையிலும் கூத்துப் பாடும் மூத்தவர்களின் குரலை, மத்தளத்தின் அடியும் தாளத்தின் கூர்மையும் கெடாமல் பதிந்து வைக்கவேண்டும் என்ற விருப்பத்தினால்தான், ஒலிவாங்கியைக் கணனியோடு இணைக்கும் கருவியாகிய ஒலி இடைமுகத்தை நான் கட்டத் தொடங்கினேன். கடையில் வாங்கும் கருவி பழுதானால் அதன் சுற்று வரைபடம் கையில் இராது. அக்கராயனில் உள்ள எனது மேசையிலிருந்து அதைத் திருத்துவதற்கு எங்கே அனுப்புவது என்பதும் தெரியாது. திறந்த மூல வடிவமைப்பில் சுற்று வரைபடமும் பலகையின் வரைபும் கருவிக்குள் ஓடும் மென்பொருளும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால், எந்தப் பழுதையும் அதன் வேர் வரை சென்று பார்க்கமுடிகிறது. இதுவரை நான்கு பலகைகளைக் கட்டியுள்ளேன். அவற்றில் எதிர்ப்பட்ட பழுதுகளையும், அவற்றைப் பிடித்த முறையையும் கீழே எழுதுகிறேன்.

நான் கட்டும் அமைப்பு இதுதான். கிக்காட் மென்பொருளில் வரைந்த பலகையில், 2021 இல் வெளிவந்த ஆர்பி2040 நுண்கட்டுப்பாட்டி யூஎஸ்பி வேலையைப் பார்க்கிறது. அதற்குள் டைனியூஎஸ்பி என்ற திறந்த மூல நூலகம் ஓடுகிறது. குரலை இலக்கமாக்குவது பிசிஎம்1808 சில்லு. இலக்கத்தை மீண்டும் ஒலியாக்குவது பிசிஎம்5102ஏ சில்லு. 24.576 மெகாஹேர்ட்ஸ் அலையம் (சீரான துடிப்பை உண்டாக்கும் உறுப்பு) ஒன்று பிசிஎம்1808 இற்குக் கடிகாரம் தருகிறது. அதை 512 ஆல் வகுத்தால் 48 கிலோஹேர்ட்ஸ் கிடைக்கும். நுண்கட்டுப்பாட்டி அந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுமே தவிரத் தானே கடிகாரம் தராது. ஒலியின் தரத்தைத் தீர்மானிக்கும் முடிவுகளில் இதுவே முதன்மையானது என்று கருதுகிறேன். ஏனெனில் ஆர்பி2040 தன் 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கிலிருந்து பின்ன வகுத்தலால் உண்டாக்கும் கடிகாரம் ஒவ்வொரு துடிப்பிலும் சற்று முன்பின்னாக நடுங்கும்.

பழுது தேட அலைவுகாட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு பல்மானி (மல்ரிமீற்றர்), காதில் அணியும் ஒலிபெருக்கி ஒன்று, லினக்ஸ் ஓடும் மடிக்கணனி, ஒடாசிட்டி மென்பொருள் ஆகியவை போதும். எந்த உறுப்பையும் கழற்றுவதற்கு முன்னர், ஒலிவாங்கியின் இடத்தில் 150 ஓம் தடையி ஒன்றை ஒலிவாங்கிச் செருகியின் இரண்டாம் மூன்றாம் முள்களுக்கு இடையே செருகி, முப்பது செக்கன் மௌனத்தைப் பதிந்து, ஒடாசிட்டியின் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) பகுப்பாய்வுச் சாளரத்தில் திறந்து பாருங்கள். மௌனத்துக்குள் இருக்கும் இரைச்சல் எந்த மீடிறனில் எழுந்து நிற்கிறதோ, அந்த மீடிறனே பழுதின் முகவரி. 50, 100, 217, 1000 என்று ஒவ்வொரு எண்ணும் ஒவ்வோர் இடத்தைச் சுட்டுகிறது. ஹார்மோனியம் பழகியவருக்குச் சாளரம்கூட அவசியமில்லை: 100 ஹேர்ட்ஸ் உறுமல் கீழ்க்கட்டையில் ஜி சுரத்துக்கு மயிரிழை மேலே ஒலிக்கும், 1000 ஹேர்ட்ஸ் கீச்சொலி மேற்கட்டையில் பி சுரத்தைச் சற்றே தாண்டி நிற்கும்.

கணனி கருவியைக் காணவே இல்லை

முதலில் கேபிளை மாற்றுங்கள். கைத்தொலைபேசி மின்னேற்றத்துக்காக விற்கப்படும் கேபிள்கள் பலவற்றில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. விளக்கு எரியும், கணனி அறியாது. பலகையில் சி வகைச் செருகி இருந்து, பழைய ஏ வகை முனையுள்ள கேபிளில் வேலை செய்யும் கருவி இருபுறமும் சி வகையான கேபிளில் உயிரற்றுக் கிடந்தால், சிசி1, சிசி2 என்ற இரு முனைகளிலிருந்தும் சுற்றின் நிலத்துக்கு (கிரவுண்ட்) செல்லவேண்டிய 5.1 கிலோஓம் தடையிகளைப் பாருங்கள். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியே ஒன்று வேண்டும். அவை இல்லையெனில் மறுமுனையில் உள்ள கணனி 5 வோல்ற்றைத் திறந்துவிடாது.

மின்சாரம் வருகிறது, ஆனாலும் கருவி தெரியவில்லை என்றால், ஆர்பி2040 இன் பூட்செல் ஆளியை அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகுங்கள். பென்டிரைவ் போல ஒரு சேமிப்பகம் தோன்றினால் சில்லும் பளிங்கும் யூஎஸ்பி கம்பிகளும் நலமாக உள்ளன. குறை நினைவகச் சில்லிலோ நீங்கள் ஏற்றிய மென்பொருளிலோதான் இருக்கிறது. தோன்றாவிட்டால் பல்மானியை எடுத்து 3.3 வோல்ற்றையும், சில்லின் உட்கருவுக்கான 1.1 வோல்ற்றையும் அளவுங்கள். 3.3 இருந்து 1.1 இல்லையென்றால் பெரும்பாலும் சில்லின் வயிற்றின் கீழ் உள்ள நடுத்தகட்டில் ஈயம் பிடிக்கவில்லை. இந்தச் சில்லுக்கு நிலத்தொடுப்பு அந்த நடுத்தகட்டின் வழியாக மட்டுமே செல்கிறது. சுற்றியுள்ள முள்களில் நிலத்துக்கென ஒன்றுகூட இல்லை. அழகாகச் சுற்றிவர ஈயம் வைத்துவிட்டு நடுவைத் தவறவிட்டால் பலகை உயிர்பெறாது. எனது முதலாவது பலகை இரண்டு நாட்கள் இப்படித்தான் கிடந்தது. ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பிளக்ஸ் பூசி, வெப்பக்காற்றினால் சில்லை மெல்லச் சூடாக்கி, அது தானாகவே தன் இடத்தில் அமர்வதைக் கண்ட பின்னர்தான் அது எழுந்தது.

இன்னொரு நிலையும் உண்டு. லினக்ஸின் கருநிரல் பதிவேட்டைத் திறந்து பார்க்கும்போது, முழுவேகக் கருவி என்று வரவேண்டிய இடத்தில் தாழ்வேகக் கருவி என்று எழுதப்பட்டு, உடனே பிழைச் செய்தி தொடர்ந்தால், இரண்டு தரவுக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன. எந்தக் கம்பியில் மேலிழுப்புத் தடை உள்ளதோ அதைக் கொண்டே கணனி வேகத்தை அறிகிறது என்பதால், மாறிய கம்பி வேகத்தையும் மாற்றிக் காட்டுகிறது. பலகையில் அந்த இரு கம்பிகளிலும் உள்ள 27 ஓம் தடையிகளைக் கழற்றிக் குறுக்காக இணைத்து, ஊகம் சரிதானா என்று பார்த்துவிட்டு, வரைபைத் திருத்துங்கள்.

கருவி தெரிகிறது, பதிவு நடக்கவில்லை

லினக்ஸில் பேசும் கருவி பழைய விண்டோஸ் கணனியில் பேசாமல் இருப்பது பழுதன்று. யூஎஸ்பி ஒலிக்கான இரண்டாம் வகுப்பு நெறிமுறையை விண்டோஸ் 10 தன் 1703 ஆம் பதிப்பில், அதாவது 2017 இல்தான் உள்ளுறையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய கணனிகளுக்கு முதலாம் வகுப்பு நெறிமுறையில் மென்பொருளைத் தொகுத்து ஏற்றவேண்டும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், இரு தடம் என்ற அளவுக்கு அதுவே தாராளம்.

கருவி தன்னைக் கணனிக்கு அறிமுகம் செய்யும் விவரணையை மாற்றி மென்பொருளை மீண்டும் ஏற்றிய பிறகும் விண்டோஸ் பழைய நடத்தையையே காட்டினால், அது கருவியின் அடையாள எண்களையும் பதிப்பு எண்ணையும் பார்த்து முந்திய விவரணையை நினைவில் வைத்திருக்கிறது. பதிப்பு எண்ணை ஒன்றால் உயர்த்துங்கள். அடையாள எண்ணைப் பிறர் கருவியிலிருந்து எடுத்து ஒட்டவேண்டாம். திறந்த மூல வன்பொருளுக்கு 1209 என்ற விற்பனையாளர் எண்ணின் கீழ் இலவசமாகவே எண் பெறலாம்.

திரும்பக் கேட்கும் பக்கம் மட்டும் ஊமையாக இருந்தால் பிசிஎம்5102ஏ இன் மௌன முனையை அளவுங்கள். அது தாழ்நிலையில் இருந்தால் சில்லு வாய்மூடி இருக்கும். ஆயத்தமாக விற்கப்படும் சிறு பலகைகளில் அதன் பின்புறத்திலுள்ள ஈயப் பாலங்கள் நான்கும் இடப்படாமலே வருவதுண்டு.

மௌனத்தில் பேரிரைச்சல், அல்லது உச்சக்குரலில் மட்டும் கிழிசல்

இந்த இரண்டும் ஒரே குடும்பத்துப் பழுதுகள். எந்தக் கருவிக்கும் செலவு வைக்காமல் காதினாலேயே பிரித்தறியலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுவே.

சில்லுகள் தமக்குள் ஒலியின் எண்களைக் கைமாற்றும் ஐ2எஸ் முறையில் ஒவ்வொரு மாதிரியின் (ஒரு கணத்து ஒலியின் அளவைக் காட்டும் எண்ணின்) முதற் பிட்டும், இடம் வலம் காட்டும் கம்பி திரும்பிய பின்னர் ஒரு கடிகாரத் துடிப்புத் தாமதித்தே வருகிறது. நுண்கட்டுப்பாட்டி இந்தத் தாமதத்தை மறந்து ஒரு துடிப்பு முந்தி வாசித்தால், குறியைக் காட்டும் முதற் பிட்டின் இடத்தில் வெறும் பூச்சியம் அமர்ந்துவிடும். அப்போது மறை எண்கள் யாவும் பெரிய நேர் எண்களாகத் தோன்றும். மௌனம் என்பது பூச்சியத்தைச் சுற்றி மேலும் கீழும் அசையும் மிகச் சிறிய எண்கள்தான் என்பதால், ஒவ்வொரு முறையும் அது பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்போது வாசிப்பு உச்சத்துக்குத் தாவுகிறது. ஆகவே ஒருவரும் பேசாத அறையில் கருவி அலறும்.

இதற்கு மாறாக ஒரு துடிப்புப் பிந்தி வாசித்தால் முதற் பிட் தொலைந்துபோகும். மெல்லிய ஒலியில் முதல் இரு பிட்டுகளும் ஒன்றாகவே இருப்பதனால் இழப்புத் தெரியாது. ஒலி இருமடங்கு உரத்துக் கேட்குமே தவிரத் தெளிவாகவே இருக்கும். குரல் முழு அளவின் பாதியைத் தாண்டியவுடன் எண்கள் மறுகரைக்குச் சுற்றிச் சென்று, துணி கிழிவது போன்ற ஓசை வரும். கூத்தை நடத்தும் அண்ணாவியார் விருத்தத்தைத் தாழ்ந்த குரலில் தொடங்கும்போது சுத்தமாக இருந்த பதிவு, அவர் மேற்தாயிக்குப் போனதும் கிழிகிறது என்றால், ஒலிவாங்கியைத் தூர வைக்குமாறோ குரலைத் தாழ்த்துமாறோ அவரிடம் கேட்கவேண்டாம். நுண்கட்டுப்பாட்டியின் நிரலில் ஒரு துடிப்பைத் திருத்துங்கள். வடிவ முனை ஒரு சில்லில் ஐ2எஸ் என்றும் மற்றதில் அந்தத் தாமதம் இல்லாத இடம்சார் முறை என்றும் கட்டப்பட்டிருப்பதும் இதே விளைவைத் தரும்.

50, 100, 150 ஹேர்ட்ஸ் உறுமல்

மடிக்கணனியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் மட்டும் ஓடவிடுங்கள். உறுமல் நின்றால் பலகையில் பழுதில்லை. இரண்டு முள் மின்னேற்றிகள் புவித்தொடுப்பு இல்லாதவை. அவற்றுக்குள் உள்ள இரைச்சல் தடுப்புக் கொள்ளளவிகள் (பேச்சில் சொன்னால் கப்பாசிற்றர்கள்) வழியாக மிகச் சிறிதளவு மின்னோட்டம் கணனியின் உடலுக்குக் கசிந்து, யூஎஸ்பி கேபிளின் நிலக்கம்பியில் இறங்கி, உங்கள் கருவியைக் கடந்து, புவித்தொடுப்புள்ள விரியலாக்கி (அம்பிளிபயர்) ஒன்று எதிரே இருந்தால் அதன் வழியாக நிலத்தைத் தேடிப்போகிறது. கணனியின் உலோக விளிம்பைத் தடவும்போது விரலில் தோன்றும் மெல்லிய கூச்சமும் அதே கசிவுதான்.

இந்த உறுமலை நிறுத்துவதற்காக விரியலாக்கியின் புவி முள்ளை வெட்டிவிடுபவர்களைக் கோயில் திருவிழாக்களிலும் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்து உடலைத் தொட்டால், ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரின் கையே புவித்தொடுப்பாகிவிடும். சரியான வழிகள் இரண்டு உண்டு. விரியலாக்கிக்குச் செல்லும் கோட்டில் ஒலி மின்மாற்றி ஒன்றை வைத்துத் தொடர்பைத் துண்டிக்கலாம். அல்லது யூஎஸ்பி பக்கத்தில் ஏடியூஎம்3160 போன்ற தனிமைப்படுத்தும் சில்லை வைக்கலாம். அந்தச் சில்லு முழுவேகமாகிய செக்கனுக்கு 12 மெகாபிட் வரையில் மட்டுமே செல்லும். ஆர்பி2040 உம் அந்த வேகத்திலேயே ஓடுவதால் இங்கே அது தடையாகாது.

வன்னியின் மண்ணுக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்கே சொல்லவேண்டும். தென்மேற்குக் காற்றாகிய சோளகம் வீசும் மாதங்களில் நிலம் வெடித்துக் காயும்போது, வீட்டின் புவிக்கோலைச் சுற்றியுள்ள மண்ணின் தடை உயர்கிறது. மாரியில் அமைதியாக இருந்த அதே வீட்டில் ஆவணியில் உறுமல் கூடினால், கருவியைத் திறக்கும் முன்னர் புவிக்கோலின் அடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டுப் பாருங்கள். குறைந்தால் புவித்தொடுப்பை மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு ஆழப்படுத்தவேண்டும்.

எண்களைப் பிரித்துப் பார்ப்பது மேலும் உதவும். 50 மட்டும் தனியே உயர்ந்து நின்றால் புவித்தொடுப்பையோ அருகிலுள்ள கம்பியையோ சந்தேகியுங்கள். 100 உம் அதன் மடங்குகளும் உயர்ந்து நின்றால் எங்கோ ஒரு சீராக்கியின் பின்னுள்ள கொள்ளளவி வற்றிவிட்டது. 150, 250, 350 என்று ஒற்றை மடங்குகள் அணிவகுத்தால் அருகிலுள்ள மின்மாற்றியையோ, சூரியப் படலின் மின்கலத்தில் ஓடும் மலிவான இன்வேர்ட்டர் தரும் படிக்கட்டு அலையையோ தேடுங்கள். அத்தகைய இன்வேர்ட்டரில் ஓடும் வீட்டில் பதிவு செய்யவேண்டி வந்தால், மின்கலத்தில் ஓடும் மடிக்கணனியைத் தவிர வேறெதையும் இணைக்காமல் இருப்பதே நல்லது.

1000 ஹேர்ட்ஸ் கீச்சொலி

யூஎஸ்பி ஒலிக் கருவி கட்டுபவர்கள் அதிகம் மனம் சோரும் இடம் இதுவே. மௌனத்தில் 1000, 2000, 3000 ஹேர்ட்ஸ் என்று சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் எழுந்து நிற்கும். முழுவேக யூஎஸ்பி ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் ஒரு சட்டகம் அனுப்புகிறது. அந்த வேளையில் நுண்கட்டுப்பாட்டி விழித்துத் தரவை எடுத்து அனுப்பி மீண்டும் ஓய்கிறது. அதன் மின்னோட்டமும் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. செக்கனுக்கு ஆயிரம் முறை நிகழும் அந்த ஏற்ற இறக்கமே நாம் கேட்கும் கீச்சொலி. உயர்வேகக் கருவிகளில் சட்டகம் 125 மைக்ரோசெக்கனுக்கு ஒன்று என்பதனால் அங்கே 8000 ஹேர்ட்ஸில் கேட்கும்.

இது எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்பதைப் பிரித்தறிவதே வேலை. நான் முதலில் சந்தேகிப்பது பிசிஎம்1808 இன் 5 வோல்ற் முனையை. இந்தச் சில்லின் உள்ளக ஒப்பீட்டு வோல்ற்றளவு அந்த 5 வோல்ற்றின் பாதியாக எடுக்கப்படுகிறது. அதன் முழு அளவும் அதே 5 வோல்ற்றைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ற்றை நேரடியாக இணைத்தால், கணனியின் வழங்கலில் உள்ள அழுக்கு அளவுகோலிலேயே கலந்துவிடும். அந்த முனைக்கு முன்னர் 10 ஓம் தடையி ஒன்றையும் அதன் பின்னர் நிலத்துக்கு 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றையும் வைத்துப் பாருங்கள். இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 34 ஹேர்ட்ஸில் வடிக்கத் தொடங்குவதனால் 1000 ஹேர்ட்ஸ் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறையும். சில்லு எடுப்பது 10 மில்லிஅம்பியர் அளவே என்பதனால் தடையில் இழப்பது 0.1 வோல்ற் மட்டுமே. இதனால் கோடுகள் தாழ்ந்தால் வழி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பலகையில் அந்த இடத்தில் தரமான ஒழுங்காக்கி ஒன்றை வரையலாம்.

தாழவில்லை என்றால் நிலத்தகட்டைப் பாருங்கள். இலக்க நிலம், ஒப்புமை நிலம் என்று தகட்டை இரண்டாக வெட்டி ஒரு மெல்லிய பாலத்தால் இணைக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. நானும் இரண்டாவது பலகையில் அப்படியே வெட்டினேன், கீச்சொலி கூடியது. வெட்டின் மேலாக ஒரேயொரு கடிகாரக் கோடு சென்றாலும் அதன் திரும்பு மின்னோட்டம் நேர்வழி இல்லாமல் வெட்டைச் சுற்றி, ஒலிவாங்கியின் நிலத்தினூடாக ஊர்ந்து வருகிறது. தகட்டை முழுமையாக விட்டு, யூஎஸ்பி செருகியையும் நுண்கட்டுப்பாட்டியையும் ஒரு கரையிலும், ஒலிவாங்கிச் செருகியை மறுகரையிலும் வைத்தால் மின்னோட்டங்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும். பழைய பலகையைக் காப்பாற்ற விரும்பினால், வெட்டின் குறுக்கே செப்பு நாடாத் துண்டுகளை ஐந்தாறு இடங்களில் ஈயத்தால் ஒட்டுங்கள். என் இரண்டாவது பலகை அவ்வாறுதான் மீண்டது.

மூன்றாவது வழி ஒலிவாங்கிக் கேபிளின் உறை. நீல் மன்சி என்ற ஒலிப் பொறியியலாளர் 1995 இல் விளக்கிய பின்னர் இது முதலாம் முள் பிரச்சினை என்று அறியப்படுகிறது. உறையோடு சேரும் முதலாம் முள் உலோகப் பெட்டியின் உடலுக்குச் செருகியின் வாசலிலேயே இணையவேண்டும். அதைப் பலகைக்குள் கொண்டுசென்று சுற்று நிலத்தில் இறக்கினால், உறையில் ஓடும் எந்த மின்னோட்டமும் சமிக்ஞையின் நிலத்தை அசைக்கும். பெட்டிக்கு ஒரு தடித்த கம்பியைத் தற்காலிகமாகத் தொடுத்தே இதைச் சோதித்துவிடலாம்.

இடையிடையே டிக் ஒலி

நிறுத்தற் கடிகாரத்தை எடுத்து, ஒரு டிக்கிற்கும் அடுத்த டிக்கிற்கும் இடையே எத்தனை செக்கன்கள் என்று பத்து முறை எழுதுங்கள். இடைவெளி சீராக இருந்தால் ஒரு நோய். சீரற்று இருந்தால் வேறொரு நோய்.

சீரான இடைவெளி இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகாததைக் காட்டுகிறது. கணனியின் பளிங்கும் உங்கள் அலையமும் பத்து இலட்சத்துக்கு 50 பங்கு வேறுபட்டால், 48,000 மாதிரிகள் ஓடும் ஒரு செக்கனில் 2.4 மாதிரிகள் கூடவோ குறையவோ செய்யும். இடைநினைவகத்தில் 48 மாதிரிகளின் தாராளம் இருந்தால் அது இருபது செக்கனில் நிரம்பி வழியும், அல்லது வற்றும். அப்போது டிக் என்று கேட்கும். ஆகவே இருபது செக்கனுக்கு ஒரு டிக் என்று நீங்கள் எழுதினால், கருவி தன் வேகத்தைக் கணனிக்குச் சொல்லும் பின்னூட்டம் வேலை செய்யவில்லை என்று உறுதியாகக் கொள்ளலாம். இடைநினைவகத்தைப் பெரிதாக்குவது டிக்கைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது. ஒன்றரை மணிநேரக் கூத்துப் பதிவில் அது எப்படியும் வந்தே தீரும். பின்னூட்டத்தைத்தான் திருத்தவேண்டும். நெறிமுறையின்படி முழுவேகத்தில் பின்னூட்ட எண்ணில் தசமப் பகுதிக்கு 14 பிட்டும், உயர்வேகத்தில் 16 பிட்டும் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் எல்லா இயங்குதளங்களும் இந்த விதியை ஒரே விதமாகப் பின்பற்றுவதில்லை. ஓர் இயங்குதளத்தில் சுத்தமாகவும் மற்றொன்றில் டிக் ஒலியுடனும் ஓடும் கருவியில் முதலில் பார்க்கவேண்டியது இந்த வடிவத்தையே.

44.1 கிலோஹேர்ட்ஸ் அலையமும் உள்ள பலகைகளில் இன்னொரு வேடதாரி உண்டு. ஒரு மில்லிசெக்கனுக்கு 44.1 மாதிரிகள் என்பதால், ஒன்பது பொதிகளில் 44 உம் பத்தாவது பொதியில் 45 உம் செல்லவேண்டும். மென்பொருள் எப்போதும் 44 ஐயே அனுப்பினால் பத்து மில்லிசெக்கனுக்கு ஒரு மாதிரி தொலைகிறது; செக்கனுக்கு நூறு வெட்டுகள் சேர்ந்து 100 ஹேர்ட்ஸ் உறுமலைப் போலவே கேட்கும். புவித்தொடுப்பைத் தோண்டத் தொடங்குவதற்கு முன்னர் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: மின் உறுமல் மௌனத்திலும் இருக்கும், இந்த வெட்டு குரல் இருக்கும்போது மட்டுமே கேட்கும்.

சீரற்ற டிக் பெரும்பாலும் கணனியின் பக்கத்துக் குறை. ஹப்பை நீக்கி நேரடியாகச் செருகுங்கள்; 5 மீற்றருக்கு மேற்பட்ட கேபிளைக் கைவிடுங்கள்; வைபையை அணைத்து, மின் சேமிப்பு முறையை நிறுத்தி, பதிவு மென்பொருளின் இடைநினைவக அளவை உயர்த்துங்கள்.

பதிந்த பாட்டின் சுருதி மாறிவிட்டது

திரும்பக் கேட்கும்போது குரல் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்து வேகமாக ஓடினால், 48 என்று பெயரிட்ட கோப்பில் 44.1 கிலோஹேர்ட்ஸ் மாதிரிகள் நிறைந்துள்ளன. கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக அறுபது செக்கன் பதியுங்கள். கோப்பின் நீளம் 55.1 செக்கன் என்று வந்தால், 24.576 மெகாஹேர்ட்ஸ் அலையத்துக்குப் பதிலாக 22.5792 மெகாஹேர்ட்ஸ் அலையம் அமர்ந்திருக்கிறது. ஒருமுறை எனக்கு வந்த பொட்டலத்திலேயே இரண்டும் மாறியிருந்தன. அன்றிலிருந்து அலையத்தின் முதுகில் உள்ள எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வாசிக்காமல் ஈயம் வைப்பதில்லை.

ஒலிவாங்கிக்கு மின் கொடுத்ததும் கருவி மறைகிறது

கண்டென்சர் ஒலிவாங்கிக்கு வேண்டிய 48 வோல்ற்றை 5 வோல்ற்றிலிருந்து உயர்த்தும் பகுதி தொடங்கும் கணத்தில் பெருமளவு மின்னோட்டத்தை விழுங்குகிறது. கேபிளில் வோல்ற்றளவு சரிந்து, நுண்கட்டுப்பாட்டி மீண்டும் தொடங்குவதால், கணனி கருவியைக் கழற்றியதாக எண்ணுகிறது. யூஎஸ்பி விதிப்படி செருகும் கணத்தில் வழங்கல் கோட்டில் 10 மைக்ரோபரட்டுக்கு மேல் நேரடியாக இருக்கக்கூடாது. உயர்த்தும் பகுதிக்கு மெதுவான தொடக்கம் கொடுங்கள். அது சரியாக உள்ளதா என்று அறிய, இரண்டாம் முள்ளுக்கும் முதலாம் முள்ளுக்கும் இடையே பல்மானியை மில்லிஅம்பியர் நிலையில் வைத்தால், 6.8 கிலோஓம் தடையி வழியாக 7 மில்லிஅம்பியர் காட்டவேண்டும்; மூன்றாம் முள்ளிலும் அதே அளவு வரவேண்டும். இரண்டும் வேறுபட்டால் தடையிகள் பொருந்தவில்லை, உறுமலும் கூடவே வரும்.

மாரியில் மட்டும் வரும் கரகரப்பு

ஐப்பசியிலிருந்து தை வரை, மழை விட்ட ஈரக் காற்றில், சோளம் பொரிவது போன்ற கரகரப்பு வருவதும், வெயில் ஏறியதும் மறைவதும் பலகையில் எஞ்சிய பிளக்ஸ் ஈரத்தை உறிஞ்சுவதால். 48 வோல்ற் செல்லும் தடங்களுக்கும் ஒலிவாங்கியின் நுழைவுத் தடங்களுக்கும் இடையே அந்த அழுக்கு ஒரு கசிவுப் பாதையாகிறது. ஐசோபுரொப்பைல் அற்ககோல் இட்டு, பழைய பல்தூரிகையால் தேய்த்து, அழுக்குக் கலந்த திரவம் காய்வதற்கு முன்னரே ஒத்தி எடுத்துவிட்டு, இரண்டாம் முறையும் கழுவுங்கள். ஒரு முறை மட்டும் கழுவினால் அழுக்கு இடம்மாறுமே தவிர நீங்காது. கழுவிய பின்னரும் கரகரப்பு நீடித்தால் கண்டென்சர் ஒலிவாங்கியின் உறைக்குள் ஈரம் புகுந்திருக்கலாம். வேறோர் ஒலிவாங்கியைச் செருகினால் தெரிந்துவிடும். முல்லைத்தீவின் கரையோரம் பதிவுக்குப் போகிறவர்கள் கருவியையும் ஒலிவாங்கியையும் மூடி போட்ட டப்பாவில், சிலிக்கா மணிப் பொதியுடன் வைத்திருக்கவேண்டும். உப்புக் காற்று செருகிகளின் முள்களை ஓரிரு பருவத்திலேயே கறுக்கச் செய்துவிடும்.

வெளியிடத்தில் மட்டும் வரும் துடிப்புகள்

217 ஹேர்ட்ஸில் இரைந்து இரைந்து நிற்கும் ஒலி, அருகிலுள்ள கைத்தொலைபேசி இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் பேசுவதன் அடையாளம். அதன் அலை 4.615 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வெடித்து எழுகிறது. சமிக்ஞை குறைந்த கிராமங்களில் தொலைபேசி தன் வலுவை உயர்த்தியே பேசும் என்பதால், கிளிநொச்சி நகரில் அமைதியாக இருந்த கருவி உள்ளூருக்குப் போனதும் இரைவது இயல்பு. ஒலிவாங்கிச் செருகியின் வாசலில் இரண்டாம் மூன்றாம் முள்களிலிருந்து உடலுக்கு 100 பிக்கோபரட் கொள்ளளவிகளையும், உள்ளே செல்லும் தடங்களில் பெரைற் மணிகளையும் வையுங்கள். கொள்ளளவியின் கால்கள் நீண்டால் பயன் போய்விடும்.

செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு முறை, மணிக்கூட்டைப் போல நிதானமாக வரும் டிக் ஒலிக்கு மேலே சொன்ன கடிகாரக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை என்றால், வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். யானை வேலி அமைந்த ஊர்களில் வேலியின் மின்னூட்டி செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் குறுகிய உயர்வோல்ற் துடிப்பை அனுப்புகிறது. செடிகொடி படர்ந்து கம்பியிலிருந்து பொறி பறக்கும் இடங்களில் அது இன்னும் கூர்மையாகப் பதிவில் ஏறும். வேலியை நிறுத்துமாறு கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை. அந்த வேலியின் பின்னால் ஒரு குடும்பத்தின் நெல்லும் உயிரும் இருக்கின்றன. ஒலிவாங்கிக் கேபிளை வேலிக்கு இணையாக இழுக்காமல் செங்குத்தாக இழுத்து, இயன்றவரை குறுக்கி, சமநிலைக் கேபிளையே பயன்படுத்தி, பாடுபவர்களை வீட்டின் மறுபுறத் திண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே முப்பது செக்கன் மௌனத்தை மீண்டும் பதிந்து, கோடு தாழ்ந்ததைக் கண்ட பின்னர் மத்தளக்காரருக்குக் கைகாட்டலாம்.